எதிர்ச்சீர்

நரியோடையின் மேல்புறத்தில், கல்லேரிப்பட்டியில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஆலையின் இரும்புக் கதவிலிருந்து தொடங்குவார்கள். ஓடை இறங்கிப்போய்ச் சேரும் தும்பைக்குழியில் சொல்பவர்கள் பாவாயியின் கிணற்றிலிருந்து தொடங்குவார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே ஆடு மேய்ப்பவர்கள் மட்டும் தண்ணீரிலிருந்தே தொடங்குவார்கள். எங்கிருந்து தொடங்கினாலும், தண்ணீர் திரும்பி நடந்தது என்ற இடத்தில் எவரும் குரலை உயர்த்துவதில்லை. வெள்ளிக்கிழமை சந்தை கூடியது என்று சொல்லும் அதே குரலில்தான் அதையும் சொல்கிறார்கள். அவர்கள் குரல் உயர்வது வேறோர் இடத்தில். அது கடைசியில் வருகிறது.

கல்வராயன் மலையின் அடிவாரத்தில், குச்சிக்கிழங்கு என்று அங்குள்ளோர் அழைக்கும் மரவள்ளி விளைகிற செம்மண் நிலத்தில், கல்லேரிப்பட்டிச் செங்கோடனின் ஜவ்வரிசி ஆலை இருந்தது. கிழங்கு லாரிகளில் வந்து குவியும். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோலுரிப்பார்கள். உரித்த கிழங்கைக் கழுவி, அரைத்து, பாலெடுத்து, அந்தப் பாலைத் தொட்டிகளில் தெளியவைத்து, அடியில் படிந்த மாவைக் குலுக்கி மணியாக்கி, விறகடுப்பின் மேல் காயும் இரும்புத் தட்டில் வறுத்து, களத்தில் பரப்பி வெயிலுக்குக் கொடுப்பார்கள். ஏறக்குறைய ஒவ்வொரு வேலைக்கும் தண்ணீர் வேண்டும், வேலை முடிந்த தண்ணீர் யாருக்கும் வேண்டாம். அது புளித்த நாற்றத்தோடும் சாம்பல் நிற நுரையோடும் ஆலையின் பின்சுவரில் இருந்த துளை வழியாக ஓடையில் விழுந்து, உச்சிவெயில் சாய்வதற்குள் தும்பைக்குழியை அடையும்.

தும்பைக்குழியில்தான் செங்கோடனின் அக்காள் பாவாயி வாழ்க்கைப்பட்டிருந்தாள். பொங்கலுக்கும் ஆடிக்கும் தம்பி அனுப்புகிற புடவையும் வெல்லமும் வாழைத்தாரும் குறையில்லாமல் வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை ஆண்டுக்கு இருமுறைதான் வந்தன. தண்ணீர் நாள் தவறாமல் வந்தது. ஆகவே துவைக்கும் கல்லருகே நிற்கும் பெண்கள் அதற்கும் சீர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“பாவாயி, உம் பொறந்த ஊட்டுச் சீரு வந்துருச்சு. தட்ட எடுத்துக்கிட்டு ஓடியா.”

“எந்தம்பிக்குத் தாராளக் கை. நீயும் ரெண்டு கொடம் மோந்துக்க, ஆரும் கேக்க மாட்டாங்க.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் ஓடைக்கரையில் இருந்த அவள் கிணற்றில் மீன் செத்து மிதந்தது, வெற்றிலைக்கொடி கருகியது, சோறு பொங்கினால் உலை மஞ்சளாக நின்றது. அவள் கணவன் வையாபுரி, வாய்ச்சொல் குறைந்த மனிதன், கிணற்றை எட்டிப் பார்ப்பதையே நிறுத்திவிட்டான்.

அந்த ஆண்டு ஆனியில் மகள் மேகலாவைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்தப் பக்கத்து வழக்கம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்: சம்மதமில்லாத வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், கை நனைத்துவிட்டால் அது வாக்குக் கொடுத்தது போல. மாப்பிள்ளையின் தகப்பனார் பெண்ணைப் பார்த்தார், முகம் மலர்ந்தார், இலை போடச் சொன்னார், கைகழுவச் செம்பை எடுத்தார். எடுத்தவர் முகர்ந்தார். செம்பை வைத்த இடத்திலேயே மெல்ல வைத்தார்.

“பொண்ணு புடிச்சிருக்குதுங்க,” என்றார், தலையைக் குனிந்தபடி. “தண்ணிதான் புடிக்கல. தப்பா நெனைக்காதீங்க. இந்தத் தண்ணியில கைய நனைச்சு ஒரு சம்பந்தத்த ஆரம்பிக்க மனசு வல்ல. தை வரைக்கும் காத்திருக்கறம். அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க.”

இலைகள் விரித்தபடியே கிடந்தன. மேகலா அவற்றை ஒவ்வொன்றாக மடித்தாள். சாப்பிட்டு முடித்தவர்கள் மடிப்பது போலவே தன்பக்கமாக மடித்தாள் என்று தும்பைக்குழியில் சொல்கிறார்கள். அந்த ஒரு செய்கையைப் பார்த்த பிறகுதான் பாவாயி முடிவெடுத்தாள் என்பதும் அவர்கள் கூற்று. கல்லேரிப்பட்டியில் இந்த இலைச் செய்தி இல்லை. அங்கே பாவாயி வெறும் பிடிவாதக்காரி.

ஆடி பிறந்தது, ஆடிச்சீர் வந்தது. புடவையை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அவள் பித்தளைக் குடத்தைப் புளிபோட்டுத் தேய்த்தாள். ஓடையில் இறங்கி, நுரை விலக்காமல், நிறம் பாராமல், குடம் நிறைய அந்தத் தண்ணீரை மொண்டாள். மேலே மாவிலை செருகித் தேங்காய் வைத்தாள். தட்டுகளில் வாழைப்பழமும் வெற்றிலையும் மஞ்சளும் அடுக்கினாள். மேளக்காரரை அழைத்தாள். துவைக்கும் கல்லில் கேலி பேசிய பெண்களே ஆளுக்கொரு தட்டாக ஏந்திக்கொண்டார்கள். புறப்படும்முன் அவள் ஓடையைப் பார்த்து, உறவினர் வீட்டிலேயே தங்கிவிட்ட குழந்தையைக் கூப்பிடுவது போல, “வா, பொறந்த ஊட்டுக்குப் போலாம்” என்றாள். அதைத் தவிர வேறெந்த மந்திரத்தையும் அவள் சொன்னதாக எந்த ஊரிலும் வழக்கில்லை.

மேளச் சத்தம் கேட்டு ஆலைக்கதவருகே ஆட்கள் கூடினார்கள். செங்கோடன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே வந்தான்.

“என்னக்கா இது கூத்து?”

“கூத்து இல்லடா, சீரு. நீ இத்தன வருசமா நாளு தவறாம செஞ்சியே, அதுக்கு எதிர்ச்சீரு. தட்ட வாங்கு.”

“ஊரே பாக்குது. உள்ள வா, பேசலாம்.”

“ஊரு பாக்கணும்னுதான் மோளம் வெச்சன்.”

தோலுரிக்கும் பெண்களில் வாய்த்துடுக்கான காத்தாயி, “மொதலாளி, தேங்கா நல்லாருக்குது, வாங்கிக்கங்க” என்று குரல் கொடுத்தாள். சிரிப்பு எழுந்தது. செங்கோடனின் காதுகள் சிவந்தன.

“அக்கா, இந்த ஆலைய நம்பி எத்தன குடும்பம் சோறு திங்குது தெரியுமா?”

“தெரியும். அதுல எத்தன குடும்பம் இந்தத் தண்ணியக் குடிக்குது, அதச் சொல்லு.”

“தெனமும் லாரியில நல்ல தண்ணி அனுப்பி வெக்கறன். மேகலா கல்யாணம் முடியற வரைக்கும் எம் பொறுப்பு. போதுமா?”

“கல்யாணம் முடிஞ்சதுக்கு அப்பறம்? எம் பேரப்புள்ளைக்கு ஒன் லாரி வர்ற நேரம் பாத்துத்தான் தாகம் எடுக்கணுமா?”

அவள் குடத்தைக் கதவின் நடுவில் இறக்கிவைத்தாள். தாய்மாமன் இல்லாமல் மேகலாவுக்குத் திருமணம் நடக்காது என்பது இருவருக்கும் தெரியும். அதைச் சொல்லாமலிருக்க முடியாதவளாக அவளே சொன்னாள்: “தையில நீ வரணும். வரும்போது பொன்னும் வேண்டாம், பட்டும் வேண்டாம். இந்த மாரி ஒரு சொட்டு எங்க ஊருக்கு வரலன்னு சொல்லிட்டு வா. அதான் எனக்குச் சீரு. இல்லன்னா வராத.”

அவள் திரும்பி இறங்கினாள். பாதி வழியில் ஓடைத் தண்ணீர் எதிரே ஏறி வந்துகொண்டிருந்தது. அது சீறவில்லை, பொங்கவில்லை. எதையோ மறந்துவிட்டு வந்தவள் நினைவு வந்து திரும்பி நடப்பாளே, அப்படி, தலையைக் குனிந்தபடி ஏறியது என்று ஆடு மேய்ப்பவர்கள் சொல்கிறார்கள். பாவாயி முந்தானையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஒதுங்கி அதற்கு வழிவிட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் தண்ணீர் ஆலைக்கதவின் முன் வந்து நின்றது. நின்றது என்பதே சரியான சொல், கிடக்கவில்லை, தேங்கவில்லை. கதவின் உயரத்துக்கு நிமிர்ந்து, நுரையை மேலே தாங்கி, உள்ளே வராமல், யாராவது கூப்பிடட்டும் என்பது போல நின்றது. கிழங்கு லாரிகள் அதன் பின்னே ஒலியெழுப்பிக்கொண்டிருந்தன. அப்போதுதான் அந்தத் தவறு நடந்தது. செங்கோடனின் மனைவி நல்லம்மாள், ஆலையை ஒட்டிய தன் வீட்டிலிருந்து விளக்கோடு வெளியே வந்தவள், வாசலில் ஏதோ நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்து, யாரென்று நிமிர்ந்து பார்க்கும் முன்பே, பிறந்ததிலிருந்து அவள் நாவுக்குப் பழகிப்போன சொல்லைச் சொல்லிவிட்டாள்:

“வாங்க.”

வாங்க என்று சொல்லப்பட்டவரை அந்தச் சீமையில் யாரும் போகச் சொல்ல முடியாது. அவராகப் போய்வருகிறேன் என்று சொல்லி எழுந்தால்தான் உண்டு. தண்ணீருக்கு அந்தச் சொல் தெரியாது, அல்லது சொல்ல விருப்பமில்லை. அது உள்ளே வந்து, களத்தின் ஒரு மூலையில் வரம்பு கட்டியது போல ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது. மறுநாள் துளை வழியாக வெளியேறிய தண்ணீர் ஓடையில் கால் வைத்ததும் திரும்பி, சுற்றிவந்து, விளக்கு நேரத்துக்குக் கதவில் நின்றது. அதற்கடுத்த நாளும் அப்படியே. முன்னே வந்தவரைக் கூப்பிட்டுவிட்டுப் பின்னே வந்தவரைக் கூப்பிடாமல் விடுவது முறையா என்று கேட்டு, நல்லம்மாள் நாள்தோறும் வாங்க என்றாள்.

ஊர் இதைப் பேசித் தீர்த்த விதத்தைத்தான் கல்லேரிப்பட்டிக்காரர்கள் விரிவாகச் சொல்வார்கள். தண்ணீருக்கு முன்னால் செருப்போடு நடக்கலாமா என்று ஒருநாள் பேசினார்கள். கூடாது என்று முடிவாயிற்று. சாப்பிட்டீர்களா என்று கேட்க வேண்டுமா என்று ஒருநாள் பேசினார்கள். கேட்டால் போடவேண்டிவரும் என்று விட்டார்கள். அது பெண் வீட்டு உறவா, மாப்பிள்ளை வீட்டு உறவா என்பதில் மட்டும் கடைசிவரை தீர்ப்பில்லை. காத்தாயி அதன் ஓரமாக உட்கார்ந்து கிழங்குரித்தபடி, “நாத்தம் மட்டும் இல்லன்னா நல்ல மனுசிதான்” என்றாள்.

செங்கோடன் அடங்குகிறவன் அல்லன். டேங்கர் லாரியில் ஏற்றி, மலைக்கு அப்பால் ஒரு பாறைக்குழியில் கொட்டிவரச் சொன்னான். ஓட்டுநர் திரும்பி வந்து, லாரியை அணைத்துவிட்டு, சாவியை மேசைமேல் வைத்தார்.

“கொட்டிட்டு வந்தியா?”

“கொட்டினனுங்க. கண்ணாடியில பாத்தன், பின்னாலயே வருது. ரயில்வே கேட் போட்டிருந்தாங்க. அதுவும் நின்னு, ரயிலு போனதுக்கு அப்பறந்தானுங்க வந்துச்சு.”

துளையை அடைத்தான், தண்ணீர் தொட்டிகளிலிருந்து படியிறங்கி முன்கதவு வழியாக வெளியே போய், முன்கதவு வழியாகவே திரும்பி வந்தது. ஆழ்துளைக் கிணற்றில் இறக்கினான். சமையற்கட்டுக் குழாயில் வந்து, நல்லம்மாளின் பாத்திரங்களுக்கு நடுவே நின்றது. அவள் அதற்கும் வாங்க என்றாள்.

மாசு பார்க்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நீண்ட நேரம் பார்த்தார். வெளியேறும் தண்ணீருக்கு விதிகள் உண்டு, வீடு திரும்பும் தண்ணீருக்கு விதி எதுவும் இல்லை என்று வருத்தத்தோடு தெரிவித்தார். அவர் கீழே தும்பைக்குழிக்கும் போய், ஓடைப்படுகை வறண்டு வெடித்திருப்பதைக் கண்டு, இதுவரை இங்கே நடந்தது சுற்றுச்சூழல் சீர்கேடு என்று பாவாயியிடம் விளக்கினார்.

“ஆமாங்க சார்,” என்றாள் அவள். “எந்தம்பி செஞ்ச சீருதான். கெட்டுப்போச்சு, திருப்பிட்டன்.”

களம் நிறைந்துகொண்டே வந்தது. ஜவ்வரிசி காயவைக்க இடம் சுருங்கியது. சேலத்திலிருந்து வந்த வியாபாரி மாசிலாமணி, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

“ஆலையப் பேத்து வேற பக்கம் கொண்டுபோயிடுங்க. எத்தனையோ ஓடை இருக்குது. எல்லா ஓடைக்குக் கீழயுமா ஒங்களுக்கு அக்கா இருக்கப்போறாங்க?”

தோலுரிக்கும் கைகள் நின்றன. ஆலை போனால் இந்த வட்டம் கலைந்துவிடும் என்பது அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருத்திக்கும் தெரியும். காத்தாயி மட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “அங்கயும் யாரோ ஒருத்தரோட அக்கா இருப்பாளுங்களே, மொதலாளி?”

செங்கோடன் அவளை முறைத்தான். பிறகு தண்ணீரைப் பார்த்தான். கல்லேரிப்பட்டிக் கதையில் அவன் அப்போதே தெளிந்துவிடுகிறான். தும்பைக்குழிக் கதையிலோ அவன் அன்று சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருக்கிறான். பின்னது நம்பத் தகுந்தது. ஏனெனில் அவனை அசைத்தது நல்லம்மாளின் கோபமே என்பதில் இரு ஊர்க் கதைகளும் ஒத்துப்போகின்றன.

“வந்தவங்கள எத்தன நாளைக்கு இப்படிச் சும்மா ஒக்கார வெச்சிருப்பீங்க?” என்றாள் அவள், இடுப்பில் கைவைத்து. “எங்கம்மா ஊட்டுக்கு ஒறம்பரைன்னு வந்தா ரெண்டு நாளு ஒபசாரம், அதுக்கு மேல தங்கினா கைக்கு ஒரு வேல குடுத்துருவாங்க, வெங்காயமாச்சும் உரிக்கச் சொல்லி. இதுக்கும் ஒரு வேலயக் குடுங்க.”

“தண்ணிக்கு என்ன வேல குடுக்கறது?”

“மொத அது என்ன வேல பாத்துச்சோ அதே வேலதான். ஒருக்கா செஞ்சவங்களுக்கு மறுக்கா செய்யத் தெரியாதா?”

இவ்வளவு எளிய சொல்லைச் செய்து பார்ப்பது எளிதாக இருக்கவில்லை. முதலில், வந்த தண்ணீரைப் பெரிய தொட்டியில் அசையாமல் தெளியவிட்டான். அடியில் வெண்மையாக ஏதோ படிந்தது. விரலால் எடுத்துத் தேய்த்தான்; நாக்கில் வைத்தான்; மாவு. நல்ல மாவு. அவன் தொட்டியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“இத்தன வருசமா காசு குடுத்துக் கெழங்க வாங்கி, ஆளு வெச்சு அரச்சு, எங்கக்கா கெணத்துல ஊத்தியிருக்கனே,” என்றான். பாவம் என்ற எண்ணத்தைவிட நட்டம் என்ற எண்ணமே முதலில் வந்தது. அதை மறைக்காமல் சொன்னான் என்பதற்காகவே தும்பைக்குழியில் அவனை மன்னித்தவர்கள் உண்டு.

மாவு எடுத்தபின் மேலே நின்ற தெளிந்த நீரில், மண்ணோடு வரும் புதிய கிழங்கைக் கழுவினான். புதுத் தண்ணீர் கடைசிக் கழுவலுக்கு மட்டும். அங்கே வேலை முடிந்ததும் அதற்கு முந்தைய கழுவலுக்கு, பிறகு அதற்கும் முந்தையதற்கு என்று ஒரே தண்ணீர் படிப்படியாகப் பின்னோக்கி நடந்தது. பின்னோக்கி நடப்பது அதற்கு ஏற்கெனவே பழக்கம். மிஞ்சிய கெட்டியான, புளித்த நீரைச் சாணத்தோடு கலந்து மூடிய குழியில் விட்டான். நல்லம்மாளின் பிறந்த வீட்டில் சாண கேஸில்தான் சமைத்தார்கள், அவளுக்கு அதன் போக்குத் தெரியும். குழியில் ஊறும் வாயுவால் வறுக்கும் தட்டுகளைச் சூடாக்குவது எண்ணம்.

குழி ஊறவில்லை. சாணம் கரைத்துக் கரைத்து ஊற்றினார்கள். மேலே கட்டிய உறை ஒரு சுருக்கமும் நீங்காமல் கிடந்தது. காத்தாயி காதை வைத்துக் கேட்டுவிட்டு, “உள்ள உசிரே இல்ல” என்றாள். உயிர் எப்படி இருக்கும்? ஜவ்வரிசி பால்போல் வெளுக்க வேண்டுமென்று மாவுத்தொட்டியில் கலந்த வெளுப்பு மருந்தும் ஆசிடும் அந்தத் தண்ணீரோடு குழிக்குள் போய், ஊறவைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்களையெல்லாம் கொன்றுகொண்டிருந்தன. தும்பைக்குழிக் கிணற்று மீன்கள் செத்ததும் அந்த மருந்தால்தான் என்பது அன்றுதான் செங்கோடனுக்கு உறைத்தது.

மருந்தை நிறுத்தினான். குழி உயிர்பெற்றது, உறை பொங்கல் பானைபோல மெல்ல எழுந்தது, வறுக்கும் தட்டின் கீழே நீலச்சுடர் நின்றது, விறகு லாரி வருவது குறைந்து, நின்றே போயிற்று. ஆனால் ஜவ்வரிசி வெளுக்கவில்லை. தேங்காய்ப்பால் நிறத்தில், லேசான பழுப்போடு வந்தது.

மாசிலாமணி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுக் களத்திலேயே உதறினார்.

“இது என்னங்க, ஜவ்வரிசியா, ஆத்து மணலா? வடக்க இருந்து வாங்கறவன் வெள்ளையப் பாத்துத்தான் வாங்குவான். இதுக்கு வெல சொல்ல எனக்கு வாய் வராது.”

“கெழங்குக்கு என்ன நெறமோ அதான் இதுக்கும் நெறம்.”

“நெறத்துக்குத்தாங்க காசு.”

“அப்ப வெல கொறச்சே வாங்கிக்கங்க.”

வியாபாரி நிமிர்ந்து பார்த்தார். விலை குறைத்துக் கேட்டால் மன்றாடுவான் என்று எதிர்பார்த்தவருக்கு இது புதிது.

“கட்டுபடியாவுமா ஒங்களுக்கு?”

“வெறகுக்குக் குடுத்துட்டிருந்தது இப்ப எங்கிட்ட நிக்குது. ஓடையில போன மாவு எங்கிட்ட நிக்குது. மருந்துச் செலவு இல்ல. ஒங்க வெள்ளைக்கு நான் எங்கக்கா ஊட்டுக் கெணத்தக் குடுத்துட்டிருந்தன், மாசிலாமணி. இனிமே குடுக்கறதா இல்ல. வேணும்னா வாங்குங்க, வேண்டாம்னா லாரியத் திருப்புங்க. கதவுல தண்ணி நிக்கற நேரமாச்சு, அப்பறம் வெளிய போவ முடியாது.”

மாசிலாமணி லாரியைத் திருப்பினார். அடுத்த பத்து நாளும் யாரும் வாங்க வரவில்லை. மூட்டைகள் கூரையைத் தொட்டன. தோலுரிக்கும் பெண்களுக்கு அரைக்கூலிதான் கொடுக்க முடிந்தது, அவர்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் வந்தார்கள். பிறகு குறைந்த விலையைக் கேள்விப்பட்டு ஒரு சிறு வியாபாரி வந்தார். அவர் வீட்டில் அந்த ஜவ்வரிசியில் பாயசம் வைத்தபோது அது கரையாமல் முத்துமுத்தாக நின்றது. அவர் மறுபடி வந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வேளையில் மாசிலாமணியும் வந்தார், நிறத்தைப் பற்றி ஒன்றும் பேசாமல்.

இதற்கிடையே கதவில் நிற்கும் தண்ணீரின் உயரம் குறைந்துகொண்டே வந்தது. ஆளுயரம் இடுப்பளவாயிற்று, இடுப்பளவு முழங்காலளவாயிற்று, ஒருநாள் பூனைக்குட்டி உயரத்தில், நுரை இல்லாமல், தயங்கித் தயங்கி நின்றது. கார்த்திகை முடியும் முன் ஒரு மாலையில் நல்லம்மாள் விளக்கோடு வந்து வாங்க என்றபோது எதிரே வெறும் சாலை மட்டும் இருந்தது. அவள் உள்ளே போய்க் கணவனிடம் சொன்னாள். அந்த ஆலையிலிருந்து அன்று ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. ஆகவே திரும்பி வரவும் ஒன்றுமில்லை.

கல்லேரிப்பட்டியில் கதை இங்கே முடிந்துவிடுகிறது. ஆலை நிற்கிறது, அடுப்பு எரிகிறது, கேட்பவர்கள் எழுந்து போகலாம். தும்பைக்குழிக்காரர்கள் இந்த முடிவைக் கேட்டுச் சிரிப்பார்கள். செய்யாமலிருக்க வேண்டியதைச் செய்யாமலிருந்ததற்கு யாராவது கதை சொல்வார்களா? கதை இனிமேல்தான் என்பார்கள். குரலும் இங்கேதான் உயரும்.

தை பிறந்தது. மாப்பிள்ளை வீட்டார் சொன்னபடி புறப்பட்டு வந்தார்கள். அவர்கள் வண்டியிலிருந்து இறங்கி, தெருமுனையில் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்த வேளையில், எதிர்ப்புறமிருந்து மேளம் கேட்டது. தாய்மாமன் சீர் வருகிறது என்று தெரு முழுக்க எட்டிப் பார்த்தது. செங்கோடன் முன்னால் நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் நல்லம்மாளும், காத்தாயியும், தோலுரிக்கும் பெண்களும் வந்தார்கள். தட்டு இல்லை, பட்டு இல்லை, பழம் இல்லை. செங்கோடனின் தலைமேல் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. ஆடியில் பாவாயி கதவின் நடுவே இறக்கிவைத்த அதே குடம். காற்று அதன் வாயில் பட்டு ஊவென்று ஒலித்தது. குடம் காலியாக இருந்தது.

நல்ல காரியத்துக்குப் போகிறவர்களுக்கு எதிரே வெறுங்குடம் வருவதைவிடக் கெட்ட சகுனம் அந்தச் சீமையில் இல்லை. மாப்பிள்ளையின் தகப்பனார் எடுத்த காலைப் பின்வைத்தார். மேளம் தானாக நின்றது. யாரோ ஒரு கிழவர், “ஏன்டா செங்கோடா, புத்தி கெட்டுப்போச்சா? அதுல ரெண்டு செம்பு தண்ணியாச்சும் ஊத்திட்டு வரக் கூடாதா?” என்று அடித்தொண்டையில் கத்தினார்.

செங்கோடன் அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாவாயி வாசலிலிருந்து இறங்கித் தெருவின் நடுவுக்கு வந்தாள்.

“ஆரும் ஒரு சொட்டும் ஊத்தக் கூடாது!” என்றாள். “இது வெறுங்கொடம் இல்ல. எந்தம்பி ஆலையில இருந்து எங்க ஊருக்கு என்ன வருதோ, அது பூராவும் இதுக்குள்ள இருக்குது. எட்டிப் பாருங்க. நல்லாப் பாருங்க! இத்தன வருசத்துல எம் பொறந்த ஊட்டுல இருந்து இந்த மாரி ஒரு சீரு வந்ததில்ல. இதச் சகுனத்தடன்னு நெனைக்கறவங்க இப்பவே வண்டியேறலாம். நெறஞ்ச கொடம் தெனமும் வந்துச்சே, அப்ப எங்களுக்கு என்ன நல்லது நடந்துச்சு?”

கடைசிக் கேள்வியை அவள் தும்பைக்குழியையே பார்த்துக் கேட்டாள். மேளக்காரர், யாரும் சொல்லாமல், ஓங்கி அடித்தார்.

பாவாயி தம்பியின் தலையிலிருந்து குடத்தை இறக்கி, மாலை சூட்டி, கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். வையாபுரி நெடுநாளுக்குப் பிறகு கிணற்றின் விளிம்பில் வந்து நின்று கயிறு கட்டினான். குடம் இறங்கியது, முங்கியது, ஏறியது. மேகலாவே செம்பில் ஊற்றி எடுத்துவந்து வருங்கால மாமனார் முன் நீட்டினாள்.

அந்தத் தண்ணீர் தேனாக இனித்தது என்று ஒருசிலர் சொல்கிறார்கள். அது பிற்காலத்தவர் சேர்த்த இனிப்பு. பழைய சொல்வழக்கு வேறு. அவர் முகர்ந்தார், ஒரு மிடறு குடித்தார், முகத்தைச் சுளிக்கவில்லை, ஆனாலும் மறைக்கவில்லை.

“இன்னமும் கொஞ்சம் துவர்க்குதே, கண்ணு.”

“துவர்க்குங்க மாமா,” என்றாள் மேகலா. “ஒரு மழைதான பேஞ்சிருக்குது. நாங்க இதுக்கு முன்னாடி இருந்ததக் குடிச்சம். நீங்க இதக் குடிங்க. கல்யாணத்துக்கு அப்பறம் நான் இங்க வந்து போவறப்ப தெளிஞ்சிருக்கும்.”

அவர் சிரித்துவிட்டார். செம்பைச் சாய்த்து, இரண்டு கைகளையும் நன்றாக நனைத்துக்கொண்டு, இலை போடுங்கள் என்றார். சாப்பாட்டின் கடைசியில் பழுப்பு ஜவ்வரிசியில் காய்ச்சிய பாயசம் வந்தது.

கிளம்பும் நேரத்தில் செங்கோடன் அக்காவின் முன் நின்றான். இனி எல்லாம் சரியாகிவிட்டது என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தான். பாவாயி குடத்தை எடுத்தாள். மிச்சமிருந்த நீரைத் துளசிக்கு ஊற்றினாள். தலைகீழாகக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும்வரை பிடித்திருந்தாள். பிறகு உட்புறத்தை முந்தானையால் துடைத்து, அவன் கையில் கொடுத்தாள்.

“பத்தரமா வெச்சுக்க. ஆடிக்கு இதையே கொண்டா. பொங்கலுக்கும் இதையே கொண்டா. நீ இல்லன்னா ஒம் மகன் கொண்டாரணும்.”

“சரிக்கா.”

“உள்ள ஒரே ஒரு சொட்டு இருந்தாலும் திருப்பி அனுப்பிடுவன், தம்பி,” என்றாள் பாவாயி, ஓடையின் பக்கமாகத் தலையை அசைத்து. “நான் கூட வரணும்னுகூட இல்ல. அதுக்கு வழி தெரியும்.”